பதினான்கு வார்டுப் பிள்ளைகள்

கேரள எல்லைக்குள், பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில் கிடக்கிறது எங்கள் பஞ்சாயத்து. அதில் நான் ஐந்து வருஷம் மெம்பராக இருந்தேன். பெயர் பொன்னுதாஸ். கோணத்துவிளை ஜங்ஷனில் பேக்கரி வைத்திருக்கிறேன். அந்த ஐந்து வருஷத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு காரியம்தான் உண்டு. அதையும் செய்தது நான் இல்லை, பிரசீதா. நான் கடைசியில் எழுந்து நின்று நாலு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

பிரசீதா எங்கள் ஜங்ஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவள். முப்பத்துநாலு வயது. புருஷன் அஜேஷ் நெய்யாற்றின்கரையில் அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் வேலை பார்க்கிறான். மகள் அனகா அப்போது நாலாம் வகுப்பு வரை உள்ள கோணத்துவிளை அரசு எல்.பி. பள்ளியில் மூன்றாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு. பிரசீதா பெற்றோர் சங்கக் கமிட்டியிலும் இருந்தாள். ஆனால் கூட்டத்துக்கு வந்தால் வாசல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வெளியில் நிற்கும் வண்டியைப் பார்த்தபடி இருப்பாள். அவள் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மே மாதம், பள்ளி திறப்பதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஃபிட்னஸ் பார்க்க உதவி இன்ஜினியர் வந்தார். கட்டடம் பிள்ளைகள் உட்காரத் தகுதியானது என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் பள்ளி திறக்கலாம். முன்பக்கத்து ஓட்டுக் கட்டடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பின்பக்கத்து மூன்று வகுப்பறைகளுக்கு வந்ததும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இரண்டு இடத்தில் வெடிப்பு. சுவரின் மேல்வரியில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு.

"மெம்பரே, ஷீட்டு மாற்றாதெ ஃபிட்னஸ் தரான் பற்றில்ல" என்றார். மாற்றாமல் எழுதித் தர முடியாதாம்.

நான் அவரைத் தனியாக அழைத்துப் போய், இந்த ஒரு வருஷம் மட்டும் எப்படியாவது என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. "நாளை ஒரு பிள்ளை மேல் விழுந்தால் நீங்களும் நானும் என்ன பதில் சொல்வோம்?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

தலைமையாசிரியை விஜயம்மா டீச்சர் அன்று ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். எழுபத்துநாலு பிள்ளைகள். தமிழும் மலையாளமும் இரண்டு பிரிவு. மூன்று அறை போய்விட்டால் பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது? ஜூனில் ஆறாவது வேலைநாள் அன்று பிள்ளைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். அதற்குள் பத்துப் பெற்றோர் பயந்து டி.சி. வாங்கிப் போனால், கூரையோடு ஒரு டீச்சரும் போய்விடுவார்.

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஹாலைக் கேட்டேன். போதகர் மறுபேச்சு இல்லாமல் சாவியைத் தந்தார். என் மனைவி ராஜபாய் பெண்கள் சங்கக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றிவைத்தாள். ஜூனில் பள்ளி திறந்ததும் மூன்று வகுப்பும் அந்த ஒரே ஹாலுக்குள் நடந்தது. இடையில் தட்டி கிடையாது. ஒரு மூலையில் பெருக்கல், ஒரு மூலையில் இலையின் பாகங்கள், ஒரு மூலையில் மலையாளப் பாட்டு. மூன்று டீச்சர்களும் ஒருவர் குரலை ஒருவர் மிஞ்சக் கூடாதென்று மெதுவாகப் பேசினார்கள். அதனால் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளி திறந்த மறுநாள் பிரசீதா பேக்கரிக்கு வந்தாள்.

"மெம்பரண்ணா, கூரைக்கு எவ்வளவு ஆவும்?"

"பதினேழு லட்சமுண்ணு எஸ்டிமேட். நம்ம வார்டுக்கு ஒரு வருஷம் கிடைக்கியதே ஒம்பது லட்சமாக்கும். அதுலதான் ரோடு, ஓடை, தெருவிளக்கு ஒக்க. நான் என்ன செய்ய மக்கா?"

எங்கள் பஞ்சாயத்தில் பத்தொன்பது வார்டு. திட்டப் பணம் வந்தால் பத்தொன்பது பங்காகப் பிரிப்போம். எந்தக் கட்சி மெம்பரானாலும் ஒரே பங்குதான், கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்த வருஷம் என் பங்கில் ஜங்ஷனில் உயரமான கம்பத்தில் ஒரு மினிமாஸ்ட் விளக்கு வைப்பதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கம்பத்தின் அடியில் என் பெயர் எழுதிய பலகை இருக்கும். வெளிச்சம் என் பேக்கரி வாசலில்தான் அதிகம் விழும். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிரசீதா, "அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிய பிள்ளிய எல்லாம் நம்ம வார்டா அண்ணா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பேரு வெளியில உள்ளவிய இருப்பாவ."

"கொஞ்சமா?" என்றாள். "நாளைக்குக் காலத்த ஏழரைக்கு வாருங்க. வண்டியில வெறுதே ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

பள்ளிக்குச் சொந்தமாக வண்டி இல்லை. தூரத்துப் பிள்ளைகளைப் பிரசீதாதான் மூன்று நடையாகக் கூட்டி வருவாள். நான் முன்பக்கம் ஒடுங்கி உட்கார்ந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. முதல் நடை செங்கல் சூளைப் பக்கம். ஒரு வளைவில் சோனா என்ற சின்னப் பெண்ணும் அவள் தம்பியும் ஒரே குடைக்குள் நின்றார்கள்.

"இந்த வீடு எந்த வார்டு அண்ணா?"

"பதினொண்ணு. சஜு மெம்பருக்க வார்டு."

"அந்தா அஸ்வந்த் ஓடி வாறான் பாத்தியளா, அது?"

"அது... பன்னெண்டு."

அடுத்த நிறுத்தம் ஏழாம் வார்டு. அதற்கடுத்து மறுபடி பதினொன்று. ஒவ்வொரு இடத்திலும் அவள் கேட்டாள், நான் சொன்னேன். வேறொன்றும் பேசவில்லை. மூன்றாவது நடை முடிந்து பள்ளி வாசலில் இறங்கியபோது நான் வார்டின் எண்ணை என் வாயால் ஒன்பது தடவை சொல்லியிருந்தேன். அதில் என் வார்டு இரண்டே இரண்டு தடவைதான் வந்தது.

"நம்ம வார்டுப் பிள்ளிய நடந்து வாறாவ. அவியளையும் சேத்துப் பாத்தாலும் பாதிகூட இல்ல அண்ணா" என்றாள். "பள்ளிக்கூடம் நம்ம வார்டுல இருக்குண்ணு கூரைய நம்ம பங்குல போடச் சொல்லுதாவ. ஆனா படிக்கியது ஊரு பூரா உள்ள பிள்ளிய. அப்பம் இந்தக் கூரை பஞ்சாயத்துக்க கூரையாக்கும். பங்கு வைக்கியதுக்கு முன்ன எடுத்து வைக்கணும்."

அத்தனை வருஷம் பங்கு வைத்தவன் நான். இந்தக் கோணத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவள் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். பிள்ளையின் பெயர், வகுப்பு, வீடு இருக்கும் இடம், வார்டு. தனக்குத் தெரியாத வீடுகளை ஸ்டாண்டிலுள்ள மற்ற டிரைவர்களிடம் கேட்டாள். எது எந்த வார்டு என்று சந்தேகம் வந்தால் பேக்கரிக்கு வந்து என்னிடம் கேட்பாள். எல்லைக் கல்லை ஒட்டிய வீடுகளில் எனக்கே குழப்பம் வந்தது. அவள் விடமாட்டாள். வரி ரசீதைப் பார்த்துவிட்டு வந்து, "நீங்க சொன்னது தப்பு அண்ணா, அது பதினஞ்சு" என்பாள்.

லிஸ்டின் கடைசியில் நாலு பெயருக்கு நேராக வார்டு எழுதாமல், 'களியக்காவிளைப் பக்கம்' என்று எழுதியிருந்தாள். தமிழ்நாட்டு எல்லைக்குள் வீடு. தமிழில் படிக்கவைக்க இங்கே அனுப்புகிறார்கள்.

"இந்த நாலையும் எடுத்திரு மக்கா" என்றேன். "அத வச்சு நம்மள மடக்குவாவ."

"எடுக்க மாட்டேன்."

"எழுபத்துநாலு எழுபது ஆனா ஒண்ணும் கொறஞ்சு போவாது."

"ஒரு பிள்ளைய ஒளிச்சு வச்சாலே மத்த எழுபதையும் யாரும் நம்ப மாட்டாவ அண்ணா. அது மட்டுமில்ல, அந்தப் பிள்ளிய தெனமும் எனக்க வண்டியில இருக்கியாவ. இல்லேண்ணு நான் எப்பிடி எழுதுவேன்?"

நான் நோட்டை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பஞ்சாயத்தின் பொறுப்பில் இன்னொரு எல்.பி. பள்ளியும் உண்டு. மேட்டுப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், ஆலுங்குழியில். அங்கே மலையாளம் மட்டும்தான். அதையும் பார்க்கவேண்டும் என்று பிரசீதா சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரில் வண்டியை நிறுத்தி, எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து தலைமையாசிரியர் உண்ணி சார் குடையும் இல்லாமல் வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எந்தா, குட்டிகளெ பிடிக்கான் வந்நதாணோ?"

பிள்ளைகளைப் பிடித்துப் போக வந்தோமா என்று கேட்கிறார். ஆறாவது வேலைநாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வேற்றுப் பள்ளிக்குப் பிள்ளை ஓட்டும் ஆட்டோ வாசலில் நின்றால் அவர் வேறென்ன நினைப்பார்? அவரிடம் முப்பத்தொன்பது பிள்ளைகள்தான். பிரசீதா வண்டியை விட்டு இறங்கி, நோட்டை விரித்துக் காட்டி, மலையாளத்தில் நிதானமாக விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

கூரைக்கு அங்கே குறை இல்லை. சமையல் புரைதான் போன மழையில் சரிந்துவிட்டது. பள்ளிச் சுவரில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே சமையல். சரசம்மா என்ற அம்மாள் மறுநாளைக்கான விறகு நனைந்துவிடுமே என்று சாக்கு போட்டு மூடிக்கொண்டிருந்தாள். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. அவள் ஒரு கம்பால் அடியிலிருந்து முட்டினாள், ஒரு வாளித் தண்ணீர் விளிம்பில் கொட்டியது. சோறு வேகும்போதும் இப்படித்தான் முட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்றாள். புகை முழுவதும் ஒன்றாம் வகுப்புக்குள்தான் போகும். அந்த வகுப்பின் சுவர் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுத்திருந்தது.

திரும்பி வரும் வழியில் நான் சொன்னேன்: "பிரசீதா, ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் சேத்துக் கேட்டா ரெண்டும் கிடைக்காது. மொதல்ல நம்மளுக்க கூரைய வாங்குவோம். அடுத்த வருஷம் அவியளுக்குக் கேப்போம்."

அவள் இறக்கத்தில் வண்டியை மெதுவாக இறக்கி, பாலம் தாண்டிய பிறகு சொன்னாள்.

"நம்மளுக்கு மட்டும் கேட்டா அது பள்ளிக்கூடத்துக்குக் கேக்கியது ஆவாது அண்ணா, நம்ம வார்டுக்குக் கேக்கியது ஆயிரும். பின்ன மத்த வார்டு மெம்பர்மாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

ஜூலையில் திட்டத்தைத் திருத்துவதற்கு வளர்ச்சிக் கருத்தரங்கு வைத்தார்கள். ஒவ்வொரு வார்டிலிருந்தும் நாலு பேர் வரலாம். என் வார்டுப் பட்டியலில் முதல் பெயராகப் பிரசீதாவை எழுதிக் கொடுத்தேன். பஞ்சாயத்து ஹாலில் நூறு பேருக்குக் குறையாது. மேடையில் பிரசிடெண்ட், செக்ரட்டரி, ஸ்டாண்டிங் கமிட்டிக்காரர்கள். சாயாவும் பருப்புவடையும் வந்து முடிந்தது. கல்வி என்று கூப்பிட்டபோது பிரசீதா எழுந்தாள். காக்கிச் சட்டையோடு வந்திருந்தாள். காலை நடை முடித்து நேராக வந்திருக்கிறாள்.

மைக்கைப் பிடித்து மலையாளத்தில் தொடங்கினாள். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. நோட்டைத் திறந்து படித்தாள்.

"கோணத்துவிளை, ஆலுங்குழி, ரெண்டு ஸ்கூலும் சேர்த்து. ஒன்றாம் வார்டு, அஞ்சு குட்டிகள். ரெண்டாம் வார்டு, மூணு. நாலாம் வார்டு, பத்து..."

தன் வார்டின் எண்ணைக் கேட்டதும் ஒவ்வொரு மெம்பரும் தலையைத் தூக்கினார். பதினொன்றாம் வார்டு, பதினாறு குட்டிகள் என்றபோது முன்வரிசையில் இருந்த சஜு போனைச் சட்டைப்பையில் வைத்தான். பத்தொன்பது வார்டில் பதினான்கு வார்டின் பெயர் அந்த நோட்டில் இருந்தது. கடைசியாக, "தமிழ்நாட்டிலிருந்து நாலு. மொத்தம் நூற்றுப்பதிமூணு" என்று முடித்தாள்.

"இந்த நூற்றுப்பதிமூணு பேருக்குக் கூரையும் அடுக்களையும் ரெண்டு வார்டு மெம்பர்மார் மட்டும் போடணுமா?" என்று கேட்டாள். "பங்கு வைப்பதற்கு முன்னால் ஸ்கூலுக்கு எடுத்து வையுங்கள். மிச்சத்தைப் பிரியுங்கள்."

சஜு எழுந்தான். வயதில் சின்னவன், நேர்மையானவன். கோபம் வந்தால் தமிழுக்கு வந்துவிடுவான்.

"சேச்சி, எனக்க வார்டுல நாலு வருஷமா ஒரு ரோடு போடாம கெடக்கு. போன மாசம் ஒரு கர்ப்பிணிய கசேரியில வச்சுத் தூக்கிட்டு வந்தோம். எனக்க ஆளுக்காரும் மனுசங்கதானே? அவியளுக்க பங்குல கை வைக்கச் சொன்னா நான் எப்பிடி ஒத்துக்கிடுவேன்?"

ஹாலில் பலர் மேசையைத் தட்டினார்கள். பிரசீதாவும் தமிழுக்கு மாறினாள்.

"நீங்க சொல்லியது நெசம். அந்த ரோடு எனக்குத் தெரியும். அதுல எனக்க வண்டி அச்சு ரெண்டு தடவ ஒடஞ்சிருக்கு. ரோடு வேண்டாமுண்ணு நான் சொல்லல்ல. ஒங்க வார்டுப் பிள்ளிய பதினாறு பேரு அந்த ரோடு வழிதான் பள்ளிக்கூடத்துக்கு வாறாவ. வந்து சேர்ந்தா இருக்கியதுக்கு எடம் வேணுமா வேண்டாமா?"

"செரி, தமிழ்நாட்டுப் பிள்ளிய நாலு பேரு? அவியளுக்கும் நம்ம பஞ்சாயத்துதான் செலவழிக்கணுமா?"

நான் பயந்தது இதைத்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த நாலு பிள்ளியளுக்க அப்பன்மாரும் ஒங்க வார்டுல உள்ள சூளையிலயாக்கும் வேலை செய்யாவ" என்றாள். "பின்ன, நம்ம ஆளுக்காருக்குத் தீனம் வந்தா நாம எங்க ஓடுதோம்? தமிழ்நாட்டுல மார்த்தாண்டம் ஆசுபத்திரிக்கு. எத்தன பேர நானே கொண்டு விட்டிருக்கேன். அங்க வாசல்ல யாராவது நீ எந்த வார்டுண்ணு கேட்டாவளா?"

யாரும் மேசையைத் தட்டவில்லை. சஜுவும் உட்காரவில்லை.

பிரசிடெண்ட் மைக்கை எடுத்தார். நல்ல பெண்மணிதான், ஆனால் ஆட்சியில் பத்தொன்பது பேரையும் கூட்டிப் போகவேண்டியவர். கூரைக்குப் பதினேழு, அடுக்களைக்கு ஆறு, இருபத்துமூன்று லட்சம். ஒவ்வொரு வார்டும் ஒன்றேகால் லட்சம் போல விட்டுக்கொடுத்தால்தான் நடக்கும் என்று கணக்குச் சொல்லிவிட்டு, "யாரெங்கிலும் தயாருண்டோ?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? பக்கத்தில் என் கட்சிக்காரர்கள். ஜங்ஷனில் விளக்குக் கம்பம் வைக்கக் குழி எங்கே தோண்டுவது என்றுகூட அடையாளம் போட்டிருந்தேன். பிரசீதா என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை எனக்கு எரிச்சல் வந்திருக்கும். அவள் நோட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

நான் எழுந்தேன்.

"எனக்க வார்டுல மினிமாஸ்டு வேண்டாம்" என்றேன். "அதுக்கு வச்ச மூணு லட்சத்த பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கிடுங்க. மிச்சத்த எல்லாருமாப் பிரிச்சா ஒரு வார்டுக்கு ஒரு லட்சத்துச் சில்லறைதான் வரும். அது எனக்க பேக்கரிக்கு வெளிச்சம் கிடைக்கட்டுமுண்ணு கேட்ட விளக்காக்கும். அத இப்பம் சொல்லாம இருந்தா எனக்குக் கொறச்சலு."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஹால் கொஞ்சம் இளகியது. ஆலுங்குழி மெம்பர் பிஜு எழுந்து தானும் கூடுதலாக ஒரு லட்சம் தருகிறேன் என்றான். அவன் வேறு கட்சி. அதுவரை நாங்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை. அதன்பின் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள் என்று சொன்னால் பொய். ஒரு வாரம் கழித்து கமிட்டியில் கையைத் தூக்கச் சொன்னபோது பன்னிரண்டு பேர் ஆதரவு, ஏழு பேர் எதிர்ப்பு. சஜு எதிர்த்துத்தான் தூக்கினான், அதை மினிட்ஸில் எழுதவும் சொன்னான்.

தீர்மானம் பாஸான அன்று நான் ஸ்டாண்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். பிரசீதா ஒரு சவாரியோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஆச்சா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சவாரிய அமரவிளையில விட்டுட்டு வாறேன், அண்ணா" என்று சொல்லிப் போய்விட்டாள்.

தீர்மானம் ஆனதும் கூரை வந்துவிடாது என்பது அரசாங்க வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் டெண்டரில் ஒரு காண்ட்ராக்டரும் வரவில்லை. இரண்டாவது டெண்டரில் ஒருவர் எடுத்தார், பிறகு மழை முடியட்டும் என்றார். ஆலுங்குழி அடுக்களை முதலில், நவம்பரில் முடிந்தது. கோணத்துவிளையில் கிறிஸ்துமஸ் லீவில்தான் பழைய ஷீட்டைக் கழற்றினார்கள். இடையில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பிரசீதா பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி உள்ளே வந்து, வேலை எதுவரை ஆயிற்று என்று ஓவர்சியரிடம் கேட்பாள். சத்தம் போட்டதில்லை. அவள் வருவாள் என்பதற்காகவே அவர் திங்கட்கிழமை சைட்டுக்குப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்.

இதே காலத்தில் அவள் இன்னொன்றும் செய்தாள். அதை நான் வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன். சஜுவின் வார்டு ரோட்டுக்காக ஒரு மனு எழுதி, மூன்று ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி, சஜுவிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவன் அதை எடுத்துக்கொண்டு எம்.எல்.ஏ. ஆபீஸுக்கு நாலு தடவை அலைந்தான். அடுத்த வருஷம் ரோடு வந்தது. "நான் ஒங்களுக்கு எதிரா கை தூக்கினேனே சேச்சி" என்று அவன் கேட்டதற்கு, "நீங்க ரோட்டுக்குத்தானே கை தூக்கினிய" என்றாளாம். சஜுவே என்னிடம் சொன்னான்.

பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை பிள்ளைகள் புதிய கூரைக்குக் கீழே திரும்பினார்கள். விழா வைக்க விஜயம்மா டீச்சருக்கு ஆசை. ஆனால் பிரசிடெண்டுக்குத் தேதி கிடைக்கவில்லை. அதனால் விழா இல்லாமலே பெல் அடித்து வகுப்பு தொடங்கியது. நான் வராந்தாவில் நின்றேன். மூன்று அறையிலும் மூன்று டீச்சர்கள் முழுத் தொண்டையில் பாடம் நடத்தினார்கள். எட்டு மாதம் அடக்கிப் பேசிய குரல்கள். புதிய ஷீட்டுக்கு அடியில் போட்ட தட்டுக் கூரை வெயிலைத் தடுத்ததால் அறை குளுமையாக இருந்தது. அனகா இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தாய் அப்போது அங்கே இல்லை. மூன்றாவது நடையில் இருந்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கோணத்துவிளையில் பெண்பிள்ளைகளுக்கு இன்னும் ஒரே கழிப்பறைதான். தமிழ்ப் பாடப்புத்தகம் இந்த வருஷமும் தாமதமாகத்தான் வந்தது. பங்கு வைப்பதற்கு முன்னால் பள்ளிக்கு எடுத்து வைப்பது என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அந்த வருஷத் தீர்மானம் அந்த வருஷத்தோடு சரி. அடுத்த வருஷக் கருத்தரங்குக்கும் பிரசீதா புதிதாக எண்ணி, புதிய லிஸ்டோடு வந்தாள். எண்பத்தொன்று, நாற்பத்துநாலு என்று இரண்டு பள்ளியிலும் எண்ணிக்கை ஏறியிருந்தது. அந்த முறை ஆலுங்குழி உண்ணி சாரும் அவளோடு வந்து பக்கத்தில் நின்றார். குடிநீருக்கும் மின்சார வயரிங்குக்கும் பணம் கிடைத்தது.

தேர்தல் வந்தபோது என் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் பிரசீதாவின் வீட்டுக்குப் போனார்கள். எங்கள் கட்சிக்காக நானும் போனேன். நின்றால் எதிர்ப்பே இருக்காது என்று சொன்னேன். அஜேஷுக்கும் ஆசைதான். அவள் சாயா கொண்டுவந்து தந்துவிட்டு, வேண்டாம் என்றாள்.

"ஏன் மக்கா?"

"மெம்பர் ஆனா எனக்கும் ஒரு வார்டு ஆயிருமே அண்ணா" என்றாள் சிரித்துக்கொண்டே. "அப்பம் ஆலுங்குழிக்கு எந்த வாயால கேக்கியது?"

நான் சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். கட்சி வேறொருவரை நிறுத்தியது.

இந்த ஜனவரியில் ஒரு நாள் காலை அமரவிளைப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் பேக்கரிக்கு வந்தார்கள். வேறு பஞ்சாயத்து. அவர்கள் ஊர்ப் பள்ளியில் சுற்றுச்சுவர் இல்லை, ரோட்டை ஒட்டி இருக்கிறது, கேட்டால் வார்டில் பணம் இல்லை என்கிறார்களாம். பிள்ளைகளை வார்டு வார்டாக எண்ணிய ஆட்டோக்காரி யார், எங்கே பார்க்கலாம் என்று கேட்டார்கள். ஸ்டாண்டைக் கை காட்டினேன்.

கல்லாவிலிருந்து பார்த்தால் ஸ்டாண்டு தெரியும். அந்தப் பெண்கள் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். பிரசீதா முன்சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பேசினாள். இரண்டு சவாரி வந்தது. இரண்டையும் வரிசையில் அடுத்து நின்ற அனூஜுக்கு விட்டுக்கொடுத்தாள். முக்கால் மணி நேரம் இருக்கும். பிறகு வண்டியை எடுத்து அந்தப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு அமரவிளை ரோட்டில் போனாள். பள்ளி விடுவதற்குள் திரும்பி வந்துவிடுவதாகப் போகிறபோக்கில் என்னிடம் கத்திச் சொன்னாள்.